உன்னிடம் மட்டும் சொன்னது

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. போனில் சொல்ல முடியாது. கூடத்தில் பேசினால் அத்தைக்குக் கேட்கும், மாடியில் பேசினால் எதிர்வீட்டுக்கே கேட்கும்.

முதலில் நல்ல சேதி. எனக்கு மூன்று மாதம். சாப்பிட்டது எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறேன்.

இனிக் கெட்ட சேதி. நான் சிகரெட் பிடிக்கிறேன் அக்கா. இரண்டு வருடமாக. பஸ் டிப்போவில் கன்ட்ரோல் ரூம் வேலை என்றால் நாள் முழுக்க மைக்கும் டிரைவர்களின் சண்டையும்தான். பழைய டயர் கொட்டகைக்குப் பின்னால் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்தால்தான் தலை நேராகும். ஒரு நாளைக்கு எட்டு பிடித்துக்கொண்டிருந்தேன். விஷயம் தெரிந்த அன்றே ஐந்தாக்கினேன். அதற்குக் கீழே இறங்க முடியவில்லை. அவருக்குத் தெரியாது. அவரே பால்கனியில் நின்று ஊதுகிறவர். என் மேல் வாடை வந்தால் அது அவருடையது என்றே வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள்.

“திடீர்னு விட்டா வயித்துப் புள்ளைக்கு ஆகாது, கொஞ்சம் கொஞ்சமா விடு” என்கிறார் எங்கள் டிக்கெட் பரிசோதகர் அம்மா. நிஜமா? பதிலை டிப்போ விலாசத்துக்கே போடு.

உன் வாலு

பிப்ரவரி 24

என் வாலுவுக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. நான்கு முறை படித்தேன். திட்ட ஆரம்பித்தால் நீ படிக்காமல் மடித்து வைத்துவிடுவாய், அதனால் திட்டவில்லை.

நான் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கு ஊசி போட வரும் நர்ஸைக் கேட்டேன். யாருக்கு என்று சொல்லவில்லை. பரிசோதகர் அம்மா சொன்னது வெறும் கதை. விட்டால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, விடாவிட்டால்தான் ஆகும். குழந்தைக்குப் போகிற பிராணவாயு குறையுமாம். எடை ஏறாதாம். மாதம் நிறையாமல் பிறக்கலாம், நஞ்சுக்கொடி முன்னாடியே பிரிந்துவிடலாம். வீட்டில் அடுத்தவர் விடும் புகையும் கெடுதல்தான். ஆனால் எந்த மாதத்தில் விட்டாலும் அன்றிலிருந்தே நல்லது என்றாள். டாக்டரிடம் உண்மையைச் சொல். விடுவதற்கு வழி சொல்வார்கள்.

பக்கத்தில் இருந்தால் கையிலிருந்து பிடுங்கி எறிந்திருப்பேன். இங்கே உட்கார்ந்து எழுதத்தான் முடிகிறது.

அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நான்கு நாள் தொடவில்லை. மைக்கில் பஸ் நம்பரை மாற்றி மாற்றிச் சொன்னேன். ஐந்தாம் நாள் ஒரு டிரைவர் வாய்க்கு வந்தபடி பேசினார். நேராகக் கொட்டகைக்குப் போய்விட்டேன். பிடிக்கும்போதே அழுதேன், ஆனாலும் முழுசாகப் பிடித்துத்தான் எறிந்தேன்.

டாக்டர் கேட்டார் அக்கா. “சிகரெட், குடி ஏதாவது பழக்கம் உண்டா?” என்றார். பக்கத்தில் அத்தை. “எங்க வீட்டுப் பொண்ணப் பாத்து என்ன கேள்வி டாக்டர் இது!” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

வாலு

மே 6

வாலுவுக்கு,

கோபித்துக்கொள். நேற்று மாப்பிள்ளைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். ஒரு மாதமாகத் தூக்கமில்லை. நீ அங்கே ஒன்று பற்றவைத்தால் எனக்கு இங்கே மூச்சு முட்டுகிறது. கூட இருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் சொன்னேன். வேறு என்னடி செய்வேன் நான்?

அக்கா

ஜூன் 11

தங்கமே,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். “நல்லாத்தான் இருக்கா” என்கிறார் மாப்பிள்ளை. அவர் குரல் நன்றாக இல்லை. ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

ஜூலை 3

அக்காவுக்கு,

உன் கடிதங்கள் இரண்டையும் பரிசோதகர் அம்மா நேற்றுதான் கொண்டுவந்து தந்தார். நான் டிப்போவுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது.

நீ போன் செய்த அன்று அவர் கத்தவில்லை. என் பையைக் கட்டிலில் கொட்டிக் கிளறினார். மறுநாளே வேலையை விடச் சொன்னார். அத்தை பேச்சை நிறுத்திவிட்டார். வாசல் தாண்டுவதானால் யாராவது கூட வருவார்கள். தினமும் எனக்குப் புத்தி சொல்லி முடித்ததும் அவர் பால்கனிக்குப் போய்ப் பற்றவைப்பார். வாடை நேராக என் அறைக்கு வரும். அவர் அணைத்துப் போட்ட துண்டுகளைப் பொறுக்கிக் குளியலறையில் பிடித்தேன் அக்கா. அதுவரை அவ்வளவு கேவலமாக நான் பிடித்ததில்லை. கூட வருகிறவர்கள் டாக்டர் முன்னால் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, மாதாந்திரப் பரிசோதனைக்கு ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தேன்.

போன வாரம் திடீரென்று இரத்தம் போயிற்று. பெண் குழந்தை. ஒரு கிலோ நானூறு. கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறாள். நான் விரலை மட்டும் உள்ளே விட்டுத் தொடலாம். பிழைத்துவிடுவாள் என்கிறார்கள், ஆனால் அடித்துச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

டாக்டர் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார், முகம் மாறவில்லை. “இதனாலதான்னு உறுதியா சொல்ல முடியாதும்மா, இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். முன்னாடியே சொல்லியிருந்தா விட உதவி பண்ணியிருப்போமே” என்றார். வாரம் ஒருமுறை, பழக்கத்தை விட உதவுகிறவர்களிடம் போய் உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்திருக்கிறார். போகிறேன்.

நீ எழுதியதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. பயந்துதான் செய்தாய் என்று எனக்கும் தெரியும். தப்பு என்னுடையது, அதை உன் தலையில் கட்டமாட்டேன். ஆனால் இந்த உலகத்தில் நான் உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

இன்றோடு எட்டு நாள் தொடவில்லை. ஒன்பதாவது நாள் என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்காதே. கேட்டாலும் உன்னிடம் சொல்ல மாட்டேன்.

குழந்தையின் அம்மா