இரண்டு வீட்டாரும் பதிந்த திமிங்கிலம்

மே 12, 2024 – ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது மகள் ஜெனிற்றா கைபேசியோடு குசினிக்குள் வந்தாள். கப்பல் பயணம் முடிவாகிவிட்டதாம். செப்டெம்பரில் மொன்றியல் துறைமுகத்திலேயே ஏறி, ஆற்றோடு கடல்வரை போய்த் திரும்புவது. டிசம்பரில் நத்தார் பண்டிகை முடிந்த கையோடு கலியாணம். அதற்கு முன்பு இரண்டு வீட்டாரும் பழக வேண்டும் என்பது மாப்பிள்ளை டனிஸ்ரனின் யோசனை. அவர்கள் பக்கம் அவனும் தாய் றோசா அக்காவும் மட்டும்தான். அக்காவின் கணவர் இறந்து பல வருடமாகிறது. எங்கள் பக்கம் நான், இவர், ஜெனிற்றா.

நடுவில் சகனே என்ற இடத்தில் கப்பல் ஒரு பகல் நிற்கும். அங்கிருந்து தடுசாக் போனால் திமிங்கிலம் பார்க்கலாம். அந்தப் பயணத்தைக் கப்பல்காரரிடமே எடுப்பதா, வெளியில் நாங்களாகப் பதிவதா? இதுதான் கேள்வி. இவரிடம் கேட்டேன். தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "உம்மட விருப்பம்" என்றார்.

என் விருப்பம் எனக்குத் தெரிந்தால் இந்த மனிதரிடம் ஏன் கேட்கிறேன்?

மே 14

நான் வேலை செய்யும் கார்டறியில், பிள்ளைக் காப்பகத்தில், பிள்ளைகளைப் படுக்கப்போட்ட பிறகு, கூட வேலை செய்யும் கெபெக் ஊர்க்காரியிடம் விசாரித்தேன். அவள் போன வருடம் போய் வந்தவள். கப்பல்காரரிடம் எடுத்தால் பஸ் பிந்தினாலும் கப்பல் காத்து நிற்கும், வெளியில் எடுத்துப் பிந்தினால் கப்பல் தன்பாட்டில் போய்விடும் என்றாள். சரி, கப்பல்காரரிடமே எடுப்போம் என்று நினைத்து முடிக்கவில்லை, "ஆனால் அந்தப் பெரிய படகில் திமிங்கிலத்தைவிட முன்னால் நிற்பவனின் தலைதான் வடிவாகத் தெரியும்" என்றாள்.

தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை.

மே 19

டனிஸ்ரன் ஒரு அட்டவணை அனுப்பியிருக்கிறான். இடப்பக்கம் கப்பல், வலப்பக்கம் வெளியாள். பாதுகாப்பு, நேரம், கழிவறை வசதி என்று ஒன்றும் விடவில்லை. முடிவு: கப்பல். கெட்டிக்காரப் பிள்ளை, குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஜெனிற்றா அதைப் படிக்கவேயில்லை. "எனக்குச் சின்னப் படகுதான் அம்மா வேணும். பன்னிரண்டு பேர் மட்டும். தண்ணிக்குக் கிட்ட இருக்கலாம்."

"அதை அவனிட்டைச் சொல்லன்."

"சொன்னா இன்னொரு அட்டவணை வரும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மே 25

மாப்பிள்ளை வீட்டைக் கேட்காமல் ஒன்றும் செய்யக்கூடாது என்று றோசா அக்காவுக்குப் போன் எடுத்தேன். இல்-பிசார் பக்கம் அவருக்குப் பெரிய வீடு, பின்னால் தோட்டம். என்னுடன் கதைக்கும்போது இன்னும் ஒரு மரியாதை வைத்துத்தான் கதைப்பார்.

"உங்கட விருப்பம்தான் எங்கட விருப்பம், நிரஞ்சனி."

"இல்லை அக்கா, நீங்கள்தான் சொல்லோணும். நீங்கள் மாப்பிள்ளை பகுதி."

"பொம்பிளை பகுதி சந்தோசமா இருந்தாத்தானே எங்களுக்குச் சந்தோசம்."

இப்படியே போனது கதை. வைக்கும்போது இருவரும் ஒருவருக்கொருவர் நன்றி சொன்னோம். எதற்கு நன்றி? அவருக்குச் சின்னப் படகு பிடிக்குமா பிடிக்காதா? "பாப்பம்" என்றும் ஒரு இடத்தில் சொன்னார். எங்கள் ஆட்கள் "பாப்பம்" என்றால் இல்லை என்று அர்த்தம். ஆனால் எதற்கு இல்லை?

யூன் 1

பதிந்துவிட்டேன். வெளியில்தான். ஜெனிற்றா கேட்ட சின்னப் படகு, கூட்டிப்போக ஒரு வான் வண்டி. ஐந்து பேருக்கும் எங்கள் செலவு. பெண் வீட்டார் தாராளமாய்ச் செய்தார்கள் என்று இருக்கட்டும். கப்பலில் வைத்துச் சொல்லி அக்காவைச் சந்தோசப்படுத்த வேண்டும்.

யூன் 9 – ஞாயிறு

மாதாவே.

றோசா அக்கா பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க, ஒரு கேக்கும் ஒரு உறையும் கொண்டு. உறைக்குள் ஐந்து பேருக்குமான பதிவு. கப்பல்காரரின் திமிங்கிலப் பயணம். அதே நாள், அதே மத்தியானம்.

"எங்கட பகுதியாலை ஒரு சின்னச் சந்தோசம்" என்றார்.

வேறு சனமாக இருந்தால் அந்த இடத்திலேயே சிரித்து ஒன்றை ரத்துச் செய்திருக்கும். எனக்கு வாய் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்து தந்ததை "எங்களிடம் ஏற்கெனவே இருக்கு" என்று திருப்பிக் கொடுப்பதா? வாங்கி, கண்ணில் ஒற்றாத குறையாக, "ஏன் அக்கா இவ்வளவு" என்றேன். இவர் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா போனபின் இவர், "இப்ப சொல்லாட்டி எப்ப சொல்லப்போறீர்?" என்று கேட்டார்.

"நீங்கள் சொல்லியிருக்கலாமே!"

கேக்கை வெட்டுகிற சாட்டில் நழுவிவிட்டார். வழமைபோல.

யூன் 10

ஐந்து பேர், இரண்டு திமிங்கிலப் பயணம், ஒரே மத்தியானம். ஒன்றையும் விட மனமில்லை. ஒன்றையும் சொல்ல வாயில்லை.

ஓகஸ்ட் 18

இன்று ஜெனிற்றா கேட்டுவிட்டாள். "அம்மா, படகைப் பற்றி இவ்வளவு யோசிக்கிறீங்கள். என்னட்டை ஒரு கேள்வி கேக்கேல்லை."

"என்ன கேள்வி?"

"நான் சந்தோசமா இருக்கிறனா எண்டு."

கேட்டேன். கோயிலில் நாள் எடுத்தாயிற்று, மண்டபம் எடுத்தாயிற்று, இலண்டனிலிருந்து சனம் வரப்போகிறது. அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "அவன் நல்லவன் அம்மா. நல்லவன் எண்டு தெரியுது. ஆனா அவனோடை இருக்கிறபோது நான் தனிய இருக்கிற மாதிரி இருக்கு. ஏன் எண்டு கேக்காதேங்கோ, எனக்கே தெரியேல்லை" என்றாள்.

இதற்கு நான் என்ன செய்ய? கலியாணத்துக்கு முன் எல்லாப் பெண்ணுக்கும் வருகிற பயமா இது? வேறா? பிள்ளையை நான் தள்ளுகிறேனா, பிடித்து இழுக்கிறேனா? கப்பலில் போகும்போது தெரிந்துவிடும் என்று அவளுக்குச் சொன்னேன். எனக்கே நான் சொல்லிக்கொண்டதும் அதுதான்.

செப்டெம்பர் 15 – கப்பலில்

இரவுச் சாப்பாட்டு மேசையில் உண்மையை உடைத்தேன். நாளைக்கு விடிந்தால் சகனே, இனி ஒளிக்க இடமில்லை. றோசா அக்கா கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. அக்காவுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியுமென்று எனக்குத் தெரியாது.

"அப்ப நான் உங்கட படகிலை போறன், நீர் எங்கட படகிலை போம். ஒருத்தருக்கும் குறையில்லை."

டனிஸ்ரனின் முகம் இறுகிவிட்டது. "அம்மா, வெளியாலை போய்ப் பிந்தினா கப்பல் நிக்காது." "பிந்தினாத்தானே" என்றார் அக்கா. ஜெனிற்றா உடனே அக்காவோடு ஒட்டிக்கொண்டாள். டனிஸ்ரன் கப்பல்காரரின் பயணத்தில்தான் வருவேன் என்றான். நான் மரியாதைக்கு அவனோடு. இவருக்கு முழங்கால் நோவு, கப்பலிலேயே இருப்பாராம்.

மாப்பிள்ளை மாமியோடு, பெண் மாமியாரோடு. நல்ல கூத்து.

செப்டெம்பர் 16

பெரிய படகு. ஒலிபெருக்கியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் மாறி மாறி. டனிஸ்ரன் எனக்கு இடம் பிடித்தான், தன் மேல்சட்டையைத் தந்தான், தேத்தண்ணி வாங்கி வந்தான். அவனை எனக்குப் பிடிக்கிறது. அதை எழுதி வைக்க வேண்டும், பிறகு மாற்றி நினைத்துவிடக் கூடாது. தூரத்தில் ஒரு கறுத்த முதுகு எழும்பி மறைந்தது. அவ்வளவில் புகார் பனிமூட்டமாய் மூடிவிட்டது. படகை நேரத்தோடு திருப்பினார்கள். ஆனாலும் புகாருக்குள் பஸ் ஊர்ந்து ஊர்ந்து, நாங்களும் பிந்தித்தான் வந்தோம். எங்களுக்காகக் கப்பல் நின்றது.

ஜெனிற்றாவும் அக்காவும் இன்னும் வரவில்லை, அவர்களுக்காக நிற்காது.

அவர்களோடு தொடர்பே கிடைக்கவில்லை. டனிஸ்ரன் வரவேற்பு மேசைக்கு ஓடினான். துறைமுக முகவரின் எண் எடுத்தான், விடுதியில் அறை சொல்லிவைத்தான், அடுத்த துறைமுகமான செத்-ஈலுக்கு வாகனம் ஒழுங்குசெய்தான். எல்லாம் பத்து நிமிடத்துக்குள். என்னால் முடியாது, இவரால் கனவிலும் முடியாது.

"பயப்பிடாதேங்கோ அன்ரி. புதன்கிழமை செத்-ஈலிலை ஏறலாம்."

"நீர் இறங்கி நிக்கேல்லையோ, தம்பி?"

"நான் இறங்கி என்ன செய்யிறது அன்ரி? மூண்டு பேரும் கரையிலை நிண்டா ஆருக்கு லாபம்? இஞ்சை இருந்தாத்தான் எல்லாத்தையும் பாக்கலாம்."

சரிதானே? சரிதான். நான் தலையாட்டினேன்.

இவரைத் தேடினேன். அறையில் இல்லை. சாப்பாட்டுப் பக்கம் இல்லை. மேல்தட்டுக்கு ஏறிக் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தால் – கீழே, கரையில், கயிறு கட்டும் இரும்புக் கட்டையில் இவர் இருக்கிறார். வீட்டுச் செருப்பு. மடியில் ஜெனிற்றாவின் குளிர்ச்சட்டை. ஒருவரிடமும் கேட்கவில்லை, ஒருவருக்கும் சொல்லவில்லை. "இஞ்சருங்கோ!" என்று கத்தினேன். மேலே பார்த்து, போ போ என்று கையை அசைத்தார். ஏணியை இழுத்துவிட்டார்கள்.

கப்பல் கரையை விட்டுக் கொஞ்சம் விலகியபிறகு வான் வந்தது. ஜெனிற்றா இறங்கி ஓடி வருகிறாள். அக்காவும் பின்னால் ஓடப் பார்க்கிறார். ஜெனிற்றா முதலில் கப்பலைத்தான் பார்த்தாள். டனிஸ்ரன் என் பக்கத்தில் நின்று கைபேசியை உயர்த்திக் காட்டினான், செய்தி அனுப்பியிருக்கிறேன் பார் என்று. பிறகு கையசைத்தான். அவள் திரும்பினாள். அப்போதுதான் தகப்பனைக் கண்டாள்.

அங்கேயே, அந்தக் கரையில், குந்தி இருந்து அழுதாள். எனக்கு மேலே நின்று என்ன செய்வதென்று தெரியவில்லை.

செப்டெம்பர் 17

டனிஸ்ரனோடு காலைச் சாப்பாடு. அவன் செய்ததில் ஒரு பிழை சொல்ல முடியவில்லை. இவர் செய்ததில் ஒரு பிரயோசனமும் சொல்ல முடியவில்லை. பிறகு ஏன் நான் தட்டைத் தள்ளி வைத்தேன்?

செப்டெம்பர் 18 – செத்-ஈல்

மூன்று பேரும் வந்து ஏறினார்கள். மூன்று பேரிலும் பொரித்த எண்ணெய் மணம். வழியில் ஒரு கடையில் உருளைக்கிழங்குப் பொரியலான புட்டீன் சாப்பிட்டார்களாம். அக்காவுக்கு இரவெல்லாம் இவர், தான் ஊரில் நுளம்புக்கடியோடு பட்ட பாட்டைக் கதையாகச் சொல்லிச் சிரிக்க வைத்தாராம். இவருக்குக் கதை சொல்லத் தெரியுமா?

திமிங்கிலத்தை அவர்கள் காணவில்லை. புகாருக்குள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தபோது மிகக் கிட்ட அதன் மூச்சு மட்டும் கேட்டதாம். "கையை நீட்டினாத் தொடலாம் போலை கிடந்தது" என்றார் அக்கா.

டனிஸ்ரன் ஜெனிற்றாவிடம், "எல்லாம் சரியா ஒழுங்கு செய்தன் தானே?" என்று கேட்டான்.

"ஓம். மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள்.

செப்டெம்பர் 29

ஜெனிற்றா மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான் சண்டை பிடித்தேன். ஒரு கப்பலுக்காகக் கலியாணத்தை முறிக்கிறதோ? சனத்துக்கு என்ன சொல்லுறது? அவன் என்ன பிழை விட்டவன், சொல்லு பாப்பம்!

"அவன் பிழை ஒண்டும் விடேல்லை அம்மா. அவன் ஒரு நாளும் பிழை விடமாட்டான்." பிறகு, "அப்பா அந்தக் கட்டையிலை இருந்தவர். எனக்கு அது போதும். மிச்சம் விளங்கப்படுத்தத் தெரியாது" என்று அழுதாள்.

இவர் எழும்பிப் போய் அவளுக்குத் தேத்தண்ணி போட்டார். சீனி கூடிவிட்டது. அவள் குடித்தாள்.

ஒக்ரோபர் 6

ஒரு கிழமையாக றோசா அக்காவுக்கு எடுக்கப் பயந்து இருந்தேன். இன்று அவரே எடுத்தார். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், விடவில்லை.

"என்ர பிள்ளை கெட்டவனில்லை, நிரஞ்சனி."

"ஐயோ அக்கா, ஆர் சொன்னது?"

"அவன்ர தேப்பனும் கெட்டவரில்லை. ஒரு குறை வைக்கேல்லை. எனக்கு ஒப்பரேசன் நடந்த அண்டு நல்ல ஆஸ்பத்திரி, நல்ல டொக்டர், வீட்டுக்கு ஆள், எல்லாம் ஒழுங்குசெய்துபோட்டு வேலைக்குப் போனவர். நான் கண் முழிக்கேக்கை பக்கத்திலை ஒருத்தரும் இல்லை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கரையிலை உம்மட மனுசனைக் கண்டவுடனை பிள்ளை அழுதது. நானும் அழுதனான். அவள் காணேல்லை. பிள்ளைக்குச் சொல்லும், நான் கோவிக்கேல்லை எண்டு."

ஓம் அக்கா என்றேன்.

டிசம்பர் 8 – ஞாயிறு

எங்கள் பிள்ளையின் கலியாண அறிவித்தலைக் கோயிலில் முதல் முறை வாசித்திருக்க வேண்டிய நாள். சுவாமி வேறு இரண்டு பேரின் பெயரை வாசித்தார். சனம் திரும்பி எங்களைப் பார்த்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது. ஜெனிற்றா பூசைப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. நான் செய்தது சரியோ, அவள் செய்தது சரியோ, இன்னும் எனக்கு விளங்கவில்லை.

வாசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கவழியால் றோசா அக்கா வந்தார். பூட்ஸில் பனி. டனிஸ்ரன் வரவில்லை. முன்னுக்கு நிறைய இடம் கிடந்தது. சனம் எல்லாம் பார்த்திருக்க, நாங்கள் இருந்த வாங்கின் ஓரத்தில் வந்து நின்று, ஜெனிற்றாவின் தோளில் தட்டினார்.

"கொஞ்சம் தள்ளியிரு பிள்ளை" என்றார்.