செவலை நின்ற இடம்

திருத்தணி
1944 ஆடி

பாப்பா அம்மாவுக்கு,

மணவூரில் இருவரும் சுகம் என்று உன் அண்ணன் சொன்னார். பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதாமே!

எனக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. பெட்ரோல் கிடைக்காததால் எங்கள் லாரி கரியில்தான் ஓடுகிறது. அதற்கு அடுப்பு மூட்டும் கிளீனராக இருந்தே ஸ்டீரிங் பிடிக்கப் பழகினேன். நம் மாட்டுவண்டியில் இனி யார் பாரம் ஏற்றப் போகிறார்கள், சொல்?

நேற்று பிரேக் இன்ஸ்பெக்டரைப் பக்கத்தில் வைத்து அரக்கோணம் ரோட்டில் ஓட்டிக் காட்டினேன். இறக்கத்தில், முன்னால் ஒரு ஒற்றை மாட்டு வண்டி போய்க்கொண்டிருந்தது. ஆரன் அடித்திருக்க வேண்டும். வண்டிக்காரப் புத்தி போகுமா? "ஹோவ்! ஹோவ்!" என்று லாரியை அதட்டினேன். அந்த மாடு நடுரோட்டில் அப்படியே நின்றுவிட்டது. பதறிப்போய்ப் பிரேக்கை மிதித்தேன். வண்டிக்கு ஒரு சாண் பின்னால் லாரி நின்றது.

வண்டிக்காரன் சாட்டையை ஓங்கியும் மாடு நகரவில்லை.

"இன்னாய்யா, உன் பேச்சத்தான் கேக்குமா அது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்க ஊட்டு மாடுங்க. தை கடைசில வித்துட்டேன்."

சிரித்துவிட்டார். "பிரேக்கு நல்லா புடிக்கிற, போ."

உன் நைனா சீராகக் கொடுத்த செவலைதான். நீ ஏன் போனாய் என்பதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

இறங்கிப்போய்க் கழுத்தைத் தடவிக்கொடுத்தேன். பொங்கலுக்கு நீ கொம்பில் பூசிய நீலம் இன்னும் போகவில்லை. விற்றவன் குரலுக்கே அது நின்றது. அந்தத் தைரியத்தில்தான் உனக்கு எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரன்