மூட்டில் தெரியும் இடதுகை

அண்ணாவுக்கு,

சக்காய் நகரக் கண்காட்சிக்கு வந்திருக்கும் சைக்கிள் பிரேமைப் பார்த்தேன். எண்பத்தொன்றில் நம் பட்டறையிலிருந்து அமெரிக்காவுக்குப் போன முதல் மலைச் சைக்கிள். செய்தவர் என்று அட்டையில் உன் பெயர் மட்டும் இருக்கிறது.

பித்தளையை உருக்கிக் குழாய்களை ஒட்டியது நீ. பன்னிரண்டு நாள் அரம் போட்டு மூட்டுகளை வழவழப்பாக்கியது நான். "பொம்பளை கை பட்டதுன்னு தெரிஞ்சா ஆர்டர் போயிடும், வாயத் தொறக்காதே" என்றாய். வாங்க வந்தவன் மூட்டைத் தடவிப் பாராட்டியபோது குனிந்து வணங்கியதும் நீதான். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக் குச்சி பிடித்த என் இடதுகையை அப்பா அடித்து மாற்றினார். அரம் பிடித்த கையை ஒருவரும் கவனிக்கவில்லை. மிதிக்கட்டை மூட்டுக்கு அடியில் இப்போது பெயின்ட் உதிர்ந்திருக்கிறது. அரம் இழுத்த கீறல் எல்லாம் இடதுகைச் சாய்வு. கண்காட்சிப் பொறுப்பாளர் பெண் நிஷிவாக்கியிடம் காட்டினேன்.

"உங்க அண்ணன் ஒத்துக்கிட்டா எழுதிடுறேன் பாட்டி."

"அவன் எதையாவது ஒத்துக்கிட்டதா சரித்திரமே இல்லையேம்மா!"

உன் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் என் பெயர் வேண்டும். சனிக்கிழமை திறப்பு. அதற்குள் அவளிடம் சொல். சொல்லாவிட்டால் அரத்தோடு வந்து, கூட்டத்துக்கு முன்னால் இடதுகையால் இழுத்துக் காட்டுவேன்.

சொல்லிவிட்டால், நாற்பது வருடம் கழித்து மறுபடி உன்னோடு உட்கார்ந்து சாப்பிடுவேன்.

இப்படிக்கு,
உன் ஒரே தங்கை