நத்தை நோட்டுகள்

நவம்பர் 12, புதன், இரவு

இன்று மகள் நிலாவை அழைத்துக்கொண்டு ஃப்ரீமான்ட்டில், கல்லூரி விண்ணப்பங்களுக்கு வழிகாட்டும் காலேஜ் கவுன்சிலரைப் பார்க்கப் போனேன். தமிழர்தான். அவளுடைய மதிப்பெண்களைப் பார்த்துவிட்டு அவர் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, படிப்பைத் தவிர வேறென்ன செய்வாள் என்று கேட்டார். எனக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது.

"நத்தையப் பாத்துட்டு இருப்பா சார்."

மழை விட்டதும் தோட்டத்தில் இறங்கிவிடுவாள். ஒவ்வொரு நத்தையின் ஓட்டிலும் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைப்பாள். மறுநாள் அது எங்கே போயிருக்கிறது என்று தேடிப் பார்த்து நோட்டில் எழுதி வைப்பாள். ஆறாம் வகுப்பில் ஆரம்பித்த வேலை.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சார், இத வச்சு அப்ளிகேஷனுக்கு நல்ல எஸ்ஸே எழுதலாம். க்ரேட்ஸ் கம்மிதான், கேரன்டி குடுக்க மாட்டேன். ஆனா சான்ஸ் இருக்கு. அந்த நோட்டெல்லாம் வச்சிருக்கீங்கல்ல?"

ஒன்பதாம் வகுப்பில் அவள் அல்ஜீப்ராவில் சி வாங்கிய அன்று, ஐந்து நோட்டையும் ரீசைக்கிள் தொட்டியில் போட்டவன் நான். அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அதற்குப் பிறகு எதையும் எழுதி வைக்கவில்லை.

நிலா என் பக்கம் திரும்பாமல், "ஐ லாஸ்ட் தெம்" என்றாள்.

காரில் வரும்போது கேட்டேன். "ஏம்மா அப்படிச் சொன்னே?"

"இல்லன்னா ஹி வுட் ஆஸ்க் யூ ஒய், அப்பா."

ஏன் தூக்கிப் போட்டீர்கள் என்று அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இவ்வளவு நேரம் யோசித்தேன். அவள் நல்லதுக்குத்தான் என்று எழுதினேன். எழுதி, அடித்துவிட்டேன்.