கேப்டன் ராக்கெட்டில் ஏறிய இடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

பரிமளா எழுதுவது. இங்கே சிங்கப்பூரில் நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? போனில் கேட்டால் மழுப்பிவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

என் சின்ன வயதில் நீங்கள் உதிரிப் பக்கங்களைச் சேர்த்துப் பட்டு நூலால் தைத்துக் கொடுத்த அந்தக் கடற்போர் நாவலின் இன்னொரு பிரதி இங்கே நூலகத்தில் கிடைத்தது. பீரங்கிப் புகை, உடைந்த பாய்மரம் எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் கப்பல் மூழ்கியதும், நம் புத்தகத்தில் வருவதுபோல் கேப்டன் ராக்கெட்டில் ஏறவில்லை. செத்துப்போனான், கதையும் முடிந்துவிட்டது. யாரோ பக்கங்களைக் கிழித்துவிட்டார்கள் என்று நூலகரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அந்த அம்மா எண்ணிப் பார்த்துவிட்டு, "எல்லாப் பக்கமும் இருக்கேம்மா" என்றார்.

இப்போது குழப்பமாக இருக்கிறது. நம் புத்தகத்தில் ராக்கெட் வந்த பக்கங்களில் மட்டும் படங்கள் இருந்தன. அது வேறு காமிக்ஸா? தைக்கும்போது தவறிக் கலந்துவிட்டதா? "அப்புறம் இன்னா ஆச்சு?" என்று நச்சரித்தபோது, "அவன் மேல போய்கினே இருக்கான்" என்றீர்களே.

யாராவது வந்தால் அந்தப் புத்தகத்தைக் கொடுத்தனுப்புங்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமை ரொம்ப நீளம். கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாயும்.

பஸ் வந்துவிட்டது. ஒன்று மட்டும் சொல்லுங்கள். அதை நீங்கள் தைத்தது அம்மா தவறிய வருஷம்தானே?

பரிமளா