மேலிருந்து நீ சொன்ன ‘வாணாம்’

பூந்தமல்லியில் ஷேர் ஆட்டோ ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் பையிலிருந்து காய்ந்த உப்பு நாரத்தங்காய் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், என்னால் உட்கார முடியவில்லை. வேலப்பன்சாவடிக்கு முன்பே இறங்கி, வெயிலில் எங்கே போகிறேன் என்று தெரியாமல் நடந்தேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. கடைசியாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் பொய் சொன்னேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

குமட்டலை அடக்க நாரத்தங்காய் இல்லாமல் நீ விமானம் ஏறியதே இல்லை. ராக்கெட் கிளம்பும் நாட்களில் நம் சின்னக் கம்பெனி ஒரு குட்டி விமானத்தை வாடகைக்கு எடுக்கும். பைலட்டுக்குப் பக்கத்தில் நீ. வடக்கே கடற்கரையில் இருக்கும் ஏவுதளத்தைச் சுற்றிச் சுற்றி மேகங்களைப் பார்த்துவிட்டு, அம்பத்தூர் ஆபீசில் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருக்கும் எனக்குச் சொல்ல வேண்டும். மேகத்துக்குள் மின்சாரம் தேங்கியிருந்தால், அதில் நுழைகிற ராக்கெட் தானே மின்னலை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் அத்தனை பாடு. வாந்தி எடுத்துக்கொண்டே வானிலை சொன்ன ஆள் உலகத்தில் நீ ஒருவனாகத்தான் இருப்பாய்.

அன்றைக்கு ராக்கெட் கிளம்ப அரை மணி இருந்தது. மேகத்து மின்சாரத்தை அளக்க இறக்கையில் மாட்டிய கருவியின் முள் முதல் சுற்றில் ஒரே ஒரு தடவை துள்ளியது. அடுத்த சுற்றில் அடங்கிவிட்டது. நீ மட்டும் அடங்கவில்லை.

“பாக்க பஞ்சு மாரிதான் கீது மாமே. எனுக்கு நம்பிக்க இல்ல. வாணாம்னு சொல்லிடு.”

மேலதிகாரி என் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஜன்னலைக் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன்.

“டேய், இங்க பளிச்சுனு கீதுடா! இன்னொரு ரவுண்டு பாரு.”

“அம்பத்தூர்ல இருந்தா ராக்கெட் உடுறாங்கோ? வாணாம்னா வாணாம்.”

சிரித்திருக்க வேண்டிய பதில். யாரும் சிரிக்கவில்லை. ஏவுதளத்துக்குச் சொன்னோம், அவர்கள் தள்ளிவைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து வானம் துடைத்துவிட்டாற்போல் ஆனது. உன் அம்மா இருக்கும் ஆவடி குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் புகைக்கோடு பார்க்கலாம் என்று காத்திருந்த கூட்டம் திட்டிக்கொண்டே இறங்கியதாம். “நீதான் வாணாம்னு சொன்னியாமே, மேல வீட்டுக்காரம்மா மூஞ்சியத் திருப்பிக்கினு போறா” என்று உன் அம்மாவே கேட்டாராம். அதைச் சொல்லிச் சிரித்தாய். ஆனால் அன்று நீ டீயைக்கூடக் குடிக்கவில்லை.

அடுத்த வாரம் கூட்டம் போட்டார்கள். “இவர் அவசரப்பட்டுவிட்டார். யாருக்காவது வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?” என்று மேலதிகாரி கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் என் பேனாவைப் பார்த்தேன். அதற்குப் பிறகு உன்னை விமானத்தில் ஏற்றவில்லை. மேசையில் உட்கார்ந்து பழைய அறிக்கைகளைத் தட்டச்சு செய்தாய். நாரத்தங்காய் டப்பாவைக் கொண்டுவருவதையும் நிறுத்திவிட்டாய்.

திருவேற்காட்டு வீட்டில் நீ படுத்த படுக்கையாக இருந்தபோது வந்தேன். உன் மனைவி காபி போட உள்ளே போனதும் என் கையைப் பிடித்தாய். பிடியில் சூடே இல்லை.

“அன்னிக்கு நிறுத்தினதுக்கு அப்புறமும் நீ ஸ்கிரீனாண்ட தான குந்திகினு இருந்த? ஏவுதளத்துல தரையில வச்சிருந்த மீட்டரு இன்னா காட்டுச்சு மாமே?”

“ஞாபகம் இல்லடா” என்றேன்.

“செரி, உடு” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

ஞாபகம் இல்லாமலா? நிறுத்தியாயிற்று என்றதும் எல்லோரும் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்கள். பதிவேட்டையும் மூடியாகிவிட்டது. நான் மட்டும் எரிச்சலோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராக்கெட் கிளம்பியிருக்க வேண்டிய நேரம் வந்தது. மேகத்து மின்சாரத்தைக் காட்டும் தரை மீட்டரின் கோடு திடீரென்று மேலே ஏறியது. சிவப்பு எல்லையைத் தாண்டி ஐந்து நிமிடம் அங்கேயே நின்றது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் இறங்கிவிட்டது.

நீ சொன்னது சரி, மச்சான். முழுக்க முழுக்கச் சரி.

அதைச் சொன்னால், “பளிச்சுனு கீது” என்று ரேடியோவில் கத்தியவன் நான்தான் என்பதும் சேர்ந்து வெளிவரும். அதற்குப் பயந்தேன். இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தால் இத்தனை வெட்கமாக இருக்காது. இப்போது மேலிருந்து யார் ‘வேண்டாம்’ என்றாலும் மறுபேச்சு பேசாமல் எழுதிக்கொள்கிறேன். ஜாக்கிரதையான ஆள் என்று நல்ல பெயர்கூட வாங்கிவிட்டேன். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடத் தோன்றுகிறது.

“அவரு அன்னிக்கு அவசரப்பட்டுட்டாருண்ணா, அதுலேயே மனசு ஒடிஞ்சி போச்சு” என்று உன் மனைவி காரியத்தன்று என்னிடமே சொன்னாள். தலையாட்டினேன்.

நாளை காலை உன் வீட்டுக்குப் போகிறேன். அவள் கதவைத் திறந்ததுமே சொல்லிவிட வேண்டும். “வாங்கண்ணா, சாப்ட்டீங்களா” என்று அவள் கேட்டுவிட்டால், எனக்கு வாய் வராது.