ஒரே காம்பரா

1931 மார்ச் 9, தெஹியோவிட்ட

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் உறங்கினாள். ஓப்பநாயக்கத் தோட்டத்திலிருந்து மாதம் ஒருமுறை வரும்போது நீங்கள் படிக்கத்தானே இந்த நோட்டு!

போன மாதம் காத்தமுத்து இறந்தாரல்லவா? அவரோடு வாழ்ந்த வீராயி, தோட்டத்துக் கூலி லயத்தில் அவர்கள் இருந்த ஒற்றை அறையை, அந்தக் காம்பராவை, வெள்ளிக்கிழமைக்குள் காலிசெய்ய வேண்டுமாம். விதவைக்குத்தான் விடுவார்களாம், கலியாணப் பதிவுக் கடுதாசி இல்லாததால் அவள் மனைவியே இல்லையாம். தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் சொல்கிறார்.

மார்ச் 10

பள்ளிக்கூடம் விட்டதும் ஆபீசுக்குப் போனேன். "தாலி கட்டுனத தோட்டமே பாத்துச்சுங்களே ஐயா" என்றேன்.

கிளாக்கர் சிரித்தார். "டீச்சரம்மா, ஒங்ககிட்ட மட்டும் கடுதாசி இருக்கா?"

இல்லை. மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினீர்கள், அதோடு சரி. டிரெயினிங் காலேஜில் படித்தவளுக்கு இதுகூடத் தோன்றவில்லையே! திரும்பி வந்துவிட்டேன். வெட்கம்.

மார்ச் 11

மனைவி என்றால் யார்? காலேஜில் விவாகத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதியவள் நான். வீராயியிடம் கேட்டேன்.

"இங்க கலியாணம்னா காம்பரா கேக்குறதுதான் தாயி. தாலி ஏறுன கையோட கங்காணி ஆபீசுக்குப் போயி, இதுங்க ரெண்டுக்கும் ஒரு காம்பரான்னு கேப்பாரு. பொஸ்தகத்துல எழுதிக்குவாங்க."

எழுதிக்கொள்வார்களா!

மார்ச் 12

தோட்டத்துத் துரை முன்னால் நின்றேன். இங்கிலீஷ் தடுமாறவில்லை. பழைய காம்பராப் புத்தகத்தைக் கேட்டேன். 1906, ஏழாம் லயம், மூன்றாம் காம்பரா: காத்தமுத்து, வீராயி.

"புருஷன் பெண்சாதி இல்லையென்றால் இருபத்தைந்து வருஷம் இவர்களுக்கு ஏன் ஒரே காம்பரா கொடுத்தீர்கள்?"

துரை அந்தப் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு வீராயி பெயருக்குப் பக்கத்தில் 'மனைவி' என்று இங்கிலீஷில் தன் கையாலேயே எழுதினார்.

"டீச்சரம்மா வாய்க்கு ஒரு காம்பரா பத்தாது" என்று கிளாக்கர் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும்! வரும் வழியெல்லாம் ரப்பர் மரங்களுக்கு நடுவே நிமிர்ந்து நடந்தேன்.

மார்ச் 13

வெள்ளிக்கிழமை. அதே காம்பராவில் வீராயி அடுப்பு புகைகிறது.

மார்ச் 15

வீராயி அவித்த பலாக்கொட்டை கொண்டுவந்தாள். பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு, "ஒங்களுக்கு எந்தக் காம்பரா தாயி?" என்றாள்.

நான் இங்கே பள்ளிக்கூடத்து அறையில், நீங்கள் அங்கே தேயிலை ஸ்டோரில் வேலைசெய்யும் ஒண்டிக்கட்டைகளோடு. எந்தப் புத்தகத்திலும் நம் பெயர்கள் சேர்ந்து இல்லை.

நீங்கள் வரும்வரை பொறுக்க முடியாது. இந்தப் பக்கங்களைக் கிழித்துத் தபாலில் போடுகிறேன். உங்கள் துரையிடம் ஒரு காம்பரா கேளுங்கள்: காளிதாஸ், பரிமளம், ஒரு பிள்ளை. என்ன சொன்னார் என்று சீக்கிரம் பதில் எழுதுங்கள்.